ஈரம் காய்வதற்குள்

தருமபுரிப் பக்கம் போகிறேன் என்று சென்னையில் யாரிடம் சொன்னாலும், "ஒகேனக்கல்லுக்கா?" என்றுதான் கேட்பார்கள். பரிசல், எண்ணெய்க் குளியல், மீன் வறுவல். வெளியூர்க்காரர்களுக்கு அந்த மாவட்டம் அவ்வளவுதான். கடத்தூர் என்று சொன்னால் குழப்பம் கூடும். உடுமலைப்பேட்டைப் பக்கம் அமராவதிக் கரையில் ஒரு கடத்தூர் இருக்கிறது. அர்ச்சுனேசுவரர் கோயிலால் அதற்குப் பெயர். நான் போனது அதற்கில்லை. பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில், சேலம் - சோலையார்பேட்டை ரயில் பாதையில் மொரப்பூரிலோ பொம்மிடியிலோ இறங்கிப் பஸ் பிடித்துப் போகிற கடத்தூர். பேரூராட்சி. சுற்றுலாப் பட்டியல் எதிலும் கிடையாது. இந்த ஊருக்கு வருகிறவர்கள் கல்யாணத்துக்கு வருவார்கள், இல்லாவிட்டால் வெற்றிலை வாங்க வருவார்கள்.

நான் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாசி மாதம், வளர்பிறை முகூர்த்தம். ஊரில் வெற்றிலைச் சந்தை கூடுகிற நாளும் அதுவே என்பது இரவு சாப்பாட்டுப் பந்தியில்தான் தெரிந்தது. பக்கத்து இலைக்காரர், "விடிகாலையில எழுந்து பாருங்க, இல்லாட்டி பார்த்த மாதிரியே இருக்காது" என்றார். மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தவர்களின் குறட்டைக்கு நடுவே எனக்கும் தூக்கம் வரவில்லை. ஐந்து மணிக்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன்.

மாசியில் சென்னையில் மின்விசிறி இல்லாமல் படுக்க முடியாது. இங்கே மேட்டு நிலம். தெற்கே சேர்வராயன் மலைத்தொடர், கிழக்கே சித்தேரி மலை. பனி காதைப் பிடித்தது. மப்ளர் கட்டிய ஒருவர் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் பால் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு போனார். நாய்கள் என்னைப் பார்த்துக் குரைத்தன. அவரைப் பார்த்துக் குரைக்கவில்லை.

முதல் கூட்டம் தெருக்குழாயில். தண்ணீர் விடுகிறவர் வால்வைத் திறந்துவிட்டுப் போய்விட்டார் போல. குழாய் முதலில் காற்றைத் துப்பியது, பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம், அதன் பிறகுதான் நல்ல தண்ணீர். பிளாஸ்டிக் குடங்கள் பச்சை, நீலம், ஆரஞ்சு என்று வரிசையில் நின்றன. குடங்களுக்கு உரியவர்கள் வாசல் பெருக்கிக்கொண்டும், சாணம் கரைத்துத் தெளித்துக்கொண்டும், கோலப்பொடிக் கிண்ணத்தோடு குனிந்துகொண்டும் இருந்தார்கள். தன் முறை வருகிறதா என்று கண் மட்டும் குழாயில். ஒரு பெண் சிக்குக் கோலத்தின் கடைசி வளைவைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து குடத்தை வைத்தார். சிக்கு பிறகு அவிழ்ந்துகொள்ளும், தண்ணீர் நின்றால் வராது.

"இது ஒகேனக்கல் தண்ணிங்களா?" என்று ஒரு பாட்டியிடம் கேட்டேன்.

"ஆமா சாமி. இது குடிக்க, சோறாக்க. மத்ததுக்கெல்லாம் போர் தண்ணி. அது உப்பு. எங்க பல்லப் பாரு, அதான் சாட்சி" என்று சிரித்துக் காட்டினார். முன்பற்களில் காவி படர்ந்திருந்தது. வெற்றிலைக் காவி என்று நினைத்துவிடக் கூடாது. அது நாக்கிலும் உதட்டிலும் இருக்கும், பல்லைத் தேய்த்தால் கொஞ்சம் போகும். இது பல்லுக்குள்ளேயே ஊறிய நிறம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறைகளில் ஃபுளோரைடு அதிகம். ஆழ்துளைக் கிணறு ஆழமாகப் போகப் போகத் தண்ணீரோடு அதுவும் கரைந்து வரும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டினால் பல் கறுக்கும். வருடக்கணக்கில் குடித்தால் முட்டியும் முதுகும் இறுகும். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீர் சுண்டுமே ஒழிய ஃபுளோரைடு ஆவியாகாது, சுண்டிய தண்ணீரில் அதன் அளவு ஏறத்தான் செய்யும். இதில் இன்னொன்றும் உண்டு. பல்லில் கறை விழுவது, ஈறுக்குள் பல் உருவாகும் சிறுவயதில் குடித்த தண்ணீரால். வளர்ந்த பிறகு வெளியூரிலிருந்து வந்து எத்தனை வருடம் குடித்தாலும் பல் இப்படி ஆகாது. ஆக அந்தப் பாட்டியின் பல், அவர் ஏழெட்டு வயதுக்குள் எந்தக் கிணற்றில் குடித்தார் என்பதைச் சொல்கிறது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டினார்கள். கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பிக் கொஞ்ச காலம் கிடப்பில் இருந்தது. ஜப்பான் கடனோடு, சுமார் 1,928 கோடி ரூபாய் மதிப்பீட்டில் நடந்து, 2013 மே மாதம் திறந்தார்கள். காவிரியில் எடுத்து, யானைப்பள்ளத்தில் சுத்திகரித்து, மேட்டுக்கு ஏற்றி இரண்டு மாவட்டங்களுக்கும் அனுப்புகிறார்கள். ஒகேனக்கல்லே தருமபுரிக்கு மேற்கே 46 கிலோமீட்டர். அங்கிருந்து இந்தத் தெருவுக்கு வந்து சேரும் தண்ணீர் அது. பாட்டியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற பேரனுக்கு ஆறு வயதிருக்கும். கொட்டாவி விட்டான், பல் வெள்ளை. பரிசலும் எண்ணெய்க் குளியலும் வந்து போகிறவர்களுக்கு. இந்த ஊர்க்காரர்களுக்கு ஒகேனக்கல் என்றால் இந்தக் குழாய்தான்.

அடுத்த தெருவில் பால் எடுக்கும் இடம். பெண்கள்தான் அதிகம். கையில் தூக்கு, சில்வர் சொம்பு, இரண்டு லிட்டர் கேன். ஊற்றுவதற்கு முன் கரண்டியால் ஒரு கலக்கு, சாம்பிள் எடுத்து மெஷினில் வைத்தால் 'ஃபேட்' எவ்வளவு, 'எஸ்.என்.எஃப்.' எவ்வளவு என்று சிவப்பு எழுத்தில் விழுகிறது. ஆங்கில எழுத்து ஒன்றைக்கூடப் படிக்காத பெண்கள் அந்த எண்களைத் தலைகீழாகப் பிடித்துப் பேசுகிறார்கள். "நேத்து சாயந்தரம் நாலு காட்டிச்சு, இன்னைக்கு என்ன மூணரைங்குது?" என்று ஒருவர் சண்டைக்குப் போனார். எழுதிக்கொண்டிருந்த இளைஞர், "காலைப் பாலுக்கு அப்படித்தான்கா" என்றார். உண்மைதான். சாயங்காலக் கறவைக்கும் காலைக் கறவைக்கும் நடுவே இரவு முழுக்க இடைவெளி. பால் கூடும், கொழுப்பு இறங்கும். அக்காவுக்கும் இது தெரியாமல் இல்லை. விட்டுக்கொடுக்க மனமில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பகுதி தகடூர் நாடாக இருந்த காலத்தில் மாட்டுக்காகச் செத்தவர்களுக்குக் கல் நட்டார்கள். ஆநிரை மீட்கப் போய் அம்பு பட்டு விழுந்த வீரன், கையில் வில், காலடியில் மாடு. தருமபுரி அகழ்வைப்பகத்தில் அந்த நடுகற்களை இன்றைக்கும் பார்க்கலாம். மாடுதான் செல்வம் என்பது இந்த மண்ணில் புதிய செய்தி இல்லை. இப்போது அது கலப்பின மாடாகவும் பாஸ்புக்காகவும் மாறியிருக்கிறது, காவல் காக்கும் வேலை பெண்கள் கைக்கு வந்திருக்கிறது.

நடுநடுவே பூட்டிய வீடுகள். சில கதவுகளில் பூட்டின் மேல் சிலந்தி வலையே பின்னியிருந்தது. "பெங்களூர்ல இருக்காங்க" என்பதுதான் எல்லா வீட்டுக்கும் பதில். கட்டட வேலை, மேஸ்திரி வேலை, கம்பெனி வேலை என்று பெங்களூரு, ஓசூர், திருப்பூர் போனவர்கள் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வந்து பூட்டைத் திறப்பார்கள். ஊரில் தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும். குழாயடியில் நான் பார்த்த பையனும் அப்படி விடப்பட்டவன்தான் என்று பிறகு தெரிந்தது.

வெற்றிலை வாசனை முதலில் வந்தது, வீடு பிறகுதான் கண்ணில் பட்டது. பச்சை வெற்றிலையை மொத்தமாகக் குவித்தால் ஒரு காரமான ஈர வாசனை வரும். வாயில் போடும்போது வருவதோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. திண்ணையில் ட்யூப்லைட்டுக்குக் கீழே கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நனைந்த கோணிச்சாக்கில் இலைக் குவியல். முந்தைய நாள் கிள்ளியதை இரவெல்லாம் ஈரத்தில் வைத்திருந்து, சந்தைக்குப் போகும் முன் கடைசித் தடவை பார்த்து அடுக்குகிறார்கள். நான் வாசலில் நின்று பார்ப்பதைக் கண்டு, "உக்காருங்க, நிக்கறீங்களே" என்றார் அந்த அண்ணன். உட்கார்ந்தேன். நேரம் போனதே தெரியவில்லை.

அந்த அக்காவின் கை செய்ததைச் சொல்ல வேண்டும். குவியலிலிருந்து ஒரு இலையை எடுக்கும்போதே கட்டைவிரல் அதன் முதுகைத் தடவிவிடுகிறது. புள்ளி இருக்கிறதா, ஓரம் கிழிந்திருக்கிறதா, முற்றிவிட்டதா எல்லாம் அந்தத் தடவலில் தெரிந்துவிடும், கண் வேண்டியதில்லை. நல்ல இலை மடிக்குப் போகிறது, சொத்தை பின்பக்கம் பறக்கிறது. காம்புகள் எல்லாம் ஒரே பக்கம் வர, இலை மேல் இலை படிய, ஒரு கட்டு எழும்புகிறது. என்னோடு பேசுகிறார், உள்ளே தூங்கும் மகளை எழுப்பக் கத்துகிறார், தெருவில் போகும் ஆட்டை விரட்டுகிறார். கணக்கு மட்டும் தப்பவில்லை. நூறு வந்ததும் வாழைநாரால் ஒரு சுற்று, ஒரு முடிச்சு, கை தண்ணீர்ச் சொம்பில் மூழ்கி எழுந்து ஒரு தெளிப்பு.

"நூறு வச்சா ஒரு கவுளி. ரெண்டு கூடப் போனா போவுது. ஒண்ணு கொறஞ்சா வியாபாரி மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லுவான்" என்றார்.

எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டேன்.

"தண்ணி தெளிச்சு மூடி வச்சா நாலஞ்சு நாளு. காத்து பட்டுச்சுன்னா சாயந்தரமே முடிஞ்சுது."

கொடிக்கால் போடுவது குழந்தை வளர்ப்புக்குச் சமானம் என்பார்கள். முதலில் அகத்தி விதைக்க வேண்டும். அது நிமிர்ந்து நிழல் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் வெற்றிலைக் கொடிக்கு இடம். கொடி வளர வளர அகத்தியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே போக வேண்டும். எட்டாத உயரம் போனால் இறக்கிச் சுருட்டிப் புதைத்து மறுபடி கட்ட வேண்டும். மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் நிற்கக் கூடாது. நின்றால் வேரடியில் அழுகல் வந்து ஒரு வாரத்தில் வரிசையாகச் சாய்ந்துவிடும். வெயில் நேராக விழுந்தால் இலை கருகும், வறண்ட காற்று அடித்தால் ஓரம் காயும். தமிழ்நாட்டில் வறட்சி என்றால் முதலில் நினைவுக்கு வரும் மாவட்டங்களில் ஒன்று தருமபுரி. அங்கே போய் நிழலையும் ஈரத்தையும் விட்டால் பிழைக்காத ஒரு பயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அகத்திக் கழிவு ஆட்டுக்குப் போகிறது என்பது கூடுதல் வரவு. விரட்டப்பட்ட ஆடு திரும்பத் திரும்ப அந்தத் திண்ணைக்கு வந்ததற்கும் காரணம் அதுதான்.

சோழவந்தான் வெற்றிலைக்கும் ஆத்தூர் வெற்றிலைக்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல். ஆத்தூர் என்றால் தூத்துக்குடிப் பக்கத்து ஆத்தூர், சேலத்து ஆத்தூர் இல்லை. கடத்தூர் இலைக்கு அந்த மாதிரிப் பட்டம் இருப்பதாக நான் பேசியவர்கள் யாரும் சொல்லவில்லை. அதில் அவர்களுக்குப் பெரிய குறையும் இல்லை. குறை வேறு. "வெத்தல போடற வாய் கொறஞ்சு போச்சுங்க" என்றார் அந்த அண்ணன். தாத்தாக்களோடு அந்தப் பழக்கம் போய்க்கொண்டிருக்கிறது. நடுவயதுக்காரர்கள் பாக்கெட் புகையிலைக்குப் போனார்கள். 2013-இல் தமிழக அரசு குட்காவுக்குத் தடை போட்ட பிறகும் வெற்றிலைக்குத் திரும்பி வரவில்லை. இன்றைக்கு வெற்றிலையைத் தாங்கிப் பிடிப்பது கல்யாணமும் காதுகுத்தும் ஆயுதபூஜையும். தை, மாசியில் விலை ஏறும். ஆடியிலும் மார்கழியிலும் படுத்துவிடும். பஞ்சாங்கத்தைப் பார்த்து விலை சொல்லும் பயிர் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

டீக்கடைக்கு வந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. தினத்தந்தி ஏற்கெனவே நான்கு துண்டாகப் பிரிந்து நான்கு பேர் கையில் இருந்தது. பேச்சு ரயிலைப் பற்றி. இந்தப் பக்கத்து டீக்கடைகளில் அரசியல் அலுத்தால் மொரப்பூர் - தருமபுரி ரயிலுக்குப் போய்விடுவார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் பஞ்ச நிவாரணத்துக்கென்று 1906-இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குச் சின்ன ரயில் ஓடியது. 1913-இல் ஓசூர் வரை நீட்டினார்கள். 1941-இல் உலகப் போர் நடுவில் மூடிப் பாதையையும் பிரித்துவிட்டார்கள். 2019-இல் புதிய அகலப் பாதைக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து, நிலம் யாருடையது எவ்வளவு போகும் என்பது வரை எல்லோருக்கும் ஒரு கருத்து. "எங்க தாத்தா ஏறிப் போன வண்டி, எம் பேரனாவது ஏறட்டும்" என்றார் ஒரு பெரியவர். அவருக்கு டீயில் சர்க்கரை வேண்டாம். டிபன் என்ன என்று கேட்டதற்கு, "களி இருக்க டிபன் என்னாத்துக்கு?" என்றார்.

கேழ்வரகுக் களியும் அவரைக்கொட்டைச் சாறும் இந்த மாவட்டத்தின் சாப்பாடு. நடுவில் ரேஷன் அரிசி வந்து களியை ஓரங்கட்டியது. 2023-இல் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் 2 கிலோவைக் குறைத்துக்கொண்டு அதற்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். பெரியவர் அதை வாங்கி அரைக்கக் கொடுக்கிறார், மருமகள் அரிசியை வாங்கி இட்லிக்குப் போடுகிறாள். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. டாக்டர் சர்க்கரை நோய் என்று சொன்ன அன்றைக்கு மகனும் களிக்கு வந்துவிட்டான் என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார்.

பேருந்து நிலையம் அந்நேரத்துக்கே சுறுசுறுப்பு. தருமபுரி, அரூர், பொம்மிடி, சேலம் என்று நடத்துநர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். நகரப் பேருந்து ஒன்று வந்து நின்றது; இறங்கியதில் முக்கால்வாசி பெண்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அதன் பலனைக் கணக்குப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை, காலை ஆறரைக்கு இங்கே வந்து நின்றால் போதும். சாமந்திப் பூ மூட்டை, வெற்றிலைக் கூடை, அகத்திக் கட்டு, மோர் கேன். முன்பெல்லாம் இதையெல்லாம் வீட்டு ஆண்பிள்ளை வண்டியில் கொண்டுபோய் விற்று, காசை அவரே எண்ணுவார். இப்போது கொண்டு வருகிறவரே எண்ணுகிறார். மூட்டைக்கு லக்கேஜ் போடுவேன் என்ற நடத்துநரிடம், "போன வாரம் வந்த தம்பி போடலியே" என்று ஒரு அம்மா கேட்டார். அவரும் போடவில்லை.

சந்தைக்குள் போனபோது பாதி வியாபாரம் முடிந்திருந்தது. நான் தாமதமில்லை, அவர்கள் சீக்கிரம். கூடைகள் வாழைச் சருகு வைத்துக் கட்டியபடி வந்து இறங்க, வியாபாரி கையை உள்ளே விட்டு நடுக்கட்டு ஒன்றை உருவி எடுக்கிறார். மேல்கட்டை யாரும் பார்ப்பதில்லை, அது எப்போதும் அழகாகத்தான் இருக்கும். உருவிய கட்டை விசிறிபோல் விரித்து, ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு விலை சொல்கிறார். விவசாயி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வியாபாரி இரண்டடி போய்த் திரும்பி வருகிறார். வெயில் ஏற ஏற விவசாயியின் பக்கம் இளகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் எட்டு மணிக்குள் தள்ளிவிடவே விவசாயி பார்க்கிறார். நெல் என்றால் இன்றைக்கு விலை சரியில்லை என்று திருப்பிக் கொண்டுபோகலாம். வெற்றிலையை எங்கே கொண்டுபோவது?

திண்ணை அண்ணனும் வந்து சேர்ந்திருந்தார். நான் கேட்ட விலையைச் சொல்லவில்லை, "கல்யாண மாசம், பரவாயில்ல" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் வழியில் ஒரு வாசலில் மூன்று பெண்கள் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். ஓடு உடைத்து, நார் உருவி, கொட்டை எடுத்து, கூலி எடைக்கு. மாசி, பங்குனியில் தருமபுரிப் பக்கம் எந்த ஊரிலும் இந்தத் தட்டும் சத்தம் கேட்கும். அங்கே ஒரு அவசரமும் இல்லை. பேச்சும் சிரிப்பும் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தன. புளி காயக் காய நல்லது, கிடங்கில் வைத்தால் அடுத்த வருடம்வரை காத்திருக்கும். பால், பூ, இலை, குழாய்த் தண்ணீர் என்று காலையிலிருந்து பார்த்த அத்தனை ஓட்டத்துக்கும் பிறகு அது எனக்கு வேறு ஊர் மாதிரி இருந்தது. ஆனால் கூலி என்று பார்த்தால் அவசரமில்லாத வேலைக்குத்தான் குறைவு. கேட்டேன், சொன்னார்கள். நாள் முழுக்கக் குனிந்து உட்காரும் வேலைக்கு அந்தத் தொகை போதாது என்பதுதான் என் எண்ணம்.

கடத்தூருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சந்தை நாள் எது என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு, முந்தைய இரவே போய்த் தங்கிவிடுங்கள். எட்டு மணிக்கு மேல் எழுந்தால் ஒரு பேருந்து நிலையமும் நான்கு கடையும்தான் தெரியும். வெற்றிலை வாங்கினால் பேரம் பேசாதீர்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போடவும் வேண்டாம், வேர்த்து அழுகிவிடும். வாழையிலையில் சுற்றி, மேலே நனைத்துப் பிழிந்த துணி ஒன்றைக் கட்டிக்கொண்டால் சென்னை வரை வாடாமல் வந்து சேரும்.